கொச்சி யூதர்களின் சினகாக்குகள்: எதை முதலில் பார்ப்பது, எந்தக் கிழமையில் போவது

கொச்சிக்குக் குடும்பத்தோடு போகிற யாரும் மட்டாஞ்சேரி ஜூ டவுனைப் பார்க்காமல் திரும்புவதில்லை. சீன வலை, ஃபோர்ட் கொச்சிக் கடற்கரை, டச்சு அரண்மனை, அதை ஒட்டியே யூதர்களின் தொழுகைக் கூடமான சினகாக் என்று வண்டி ஓட்டுகிறவரே வரிசை போட்டு வைத்திருப்பார். சினகாக்குக்குள் பதினைந்து நிமிடம், வெளியே கடைகளில் ஒன்றரை மணி நேரம் என்று காரியம் முடிந்துவிடும். தரை ஓடு அழகு, சரவிளக்கு அழகு, எல்லாம் சரிதான். ஆனால் இங்கே யார் கூடினார்கள், பெண்கள் எங்கே உட்கார்ந்தார்கள், எல்லோரும் ஏன் போய்விட்டார்கள் என்று பிள்ளைகள் கேட்டால் பெரியவர்கள் முழிக்க வேண்டியிருக்கும்.

கேரளத்தில் ஏழு சினகாக் கட்டடங்கள் மிஞ்சியிருக்கின்றன. ஊர்க்காரர்கள் ஜூதப்பள்ளி என்பார்கள். ஏழில் குடும்பத்தோடு போய்ப் பார்க்கத் தோதானவை நான்கு: மட்டாஞ்சேரியின் பரதேசி சினகாக், எர்ணாகுளம் மார்க்கெட் ரோட்டின் கடவும்பாகம், வடக்குப் பறவூர், சேந்தமங்கலம். அழகுக்கு மட்டாஞ்சேரி. ஒரு யூதச் சபை எப்படி வாழ்ந்தது என்று தெரிந்துகொள்ள பறவூரும் சேந்தமங்கலமும். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால், கூட்டம் போகும் திசைக்கு எதிரே பறவூருக்கு வண்டியைத் திருப்பச் சொல்வோம்.

கிழமைக் கணக்கு

இந்தப் பயணம் கெட்டுப்போவது பெரும்பாலும் கிழமையால்தான். பரதேசி சினகாக் சனிக்கிழமை திறக்காது. சப்பாத்து என்கிற யூத ஓய்வு நாள் வெள்ளி சூரியன் மறையும்போதே தொடங்கிவிடுவதால் வெள்ளியன்று மதியத்தோடு மூடிவிடுவார்கள். பக்கத்துச் சுவரான மட்டாஞ்சேரி அரண்மனைக்கு, அதாவது டச்சு அரண்மனைக்கு, வெள்ளிக்கிழமை விடுமுறை. பறவூரும் சேந்தமங்கலமும் முசிறி பாரம்பரியத் திட்டத்தின் அருங்காட்சியகங்கள். அவற்றுக்குத் திங்கள் விடுமுறை. கழித்துப் பார்த்தால் எல்லாம் திறந்திருக்கும் நாட்கள் ஞாயிறு, செவ்வாய், புதன், வியாழன்.

வார இறுதியை விட்டால் வேறு நாள் கிடைக்காத குடும்பங்களுக்கும் வழி இருக்கிறது. சனிக்கிழமை பறவூர், சேந்தமங்கலம், ஞாயிறு மட்டாஞ்சேரி. யூதர்களின் ஓய்வு நாளில் யூதப் பள்ளி திறந்திருக்குமா என்று சந்தேகம் வரும். அங்கே தொழ ஆள் இல்லை, அரசு ஊழியர் சீட்டுக் கிழிக்கிறார், ஆகவே திறந்திருக்கும்.

மட்டாஞ்சேரியில் மதியம் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை இடைவேளை. காலையில் பத்து மணிக்கே வாசலில் நிற்பது நல்லது. கப்பல் பயணிகள் இறங்கும் நாட்களில், அதாவது அக்டோபரிலிருந்து மார்ச் வரை, பதினொரு மணிக்கு மேல் உள்ளே நகர இடம் இருக்காது. ஐந்து மணிக்கு மூடும் இடத்துக்கு நாலரைக்குப் போய் நின்றால் சீட்டுக் கொடுக்க யோசிப்பார்கள்.

கிழமை தவிர பண்டிகையும் பார்க்க வேண்டும். யூத ஆண்டு சந்திர மாதக் கணக்கு. பருவத்தோடு ஒத்துப்போக பத்தொன்பது ஆண்டுகளில் ஏழு முறை ஒரு மாதத்தைக் கூட்டிக்கொள்வார்கள். அதனால் ஆங்கிலத் தேதிப்படி பண்டிகைகள் முன்பின்னாக ஓடும். ரோஷ் ஹஷானா என்கிற புத்தாண்டு, யோம் கிப்பூர் நோன்பு, சுக்கோத், சிம்ஹத் தோரா நான்கும் செப்டம்பர், அக்டோபரில் அடுத்தடுத்து வரும். நம் பள்ளிகளின் காலாண்டு விடுமுறையோடு இவை அடிக்கடி மோதும். பெசாஹ் மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ வரும். டிக்கெட் போடுவதற்கு முன் அந்த ஆண்டின் யூதப் பண்டிகைத் தேதிகளை ஒரு முறை பார்த்துக்கொண்டால், பூட்டிய கதவின் முன் படம் எடுத்துக்கொண்டு திரும்ப நேராது.

மட்டாஞ்சேரி: பரதேசி சினகாக்

1568இல் கட்டப்பட்டது. கொச்சி ராஜா தன் அரண்மனையையும் பழையன்னூர் பகவதி கோயிலையும் ஒட்டியே இடம் கொடுத்தார். ஸ்பெயின், போர்ச்சுகல், அலெப்போ, பாக்தாத் என்று பல திசைகளிலிருந்து வந்து சேர்ந்தவர்களின் சபை இது. அவர்களுக்குப் பல நூற்றாண்டு முன்பே இங்கே வேர்விட்ட மலபார் யூதர்களுக்கு வேறு சினகாக்குகள் இருந்தன. 1662இல் போர்ச்சுகீசியர் இதைச் சேதப்படுத்தினார்கள். டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்த பிறகு சரிசெய்து கட்டினார்கள்.

சீட்டு சிறிய தொகைதான், ரொக்கச் சில்லறையாக வைத்திருங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். அரைக்கால் சட்டையோடு போகும் அப்பாக்கள்தான் வாசலில் அதிகம் மாட்டுகிறார்கள்; ஒரு வேட்டியோ துண்டோ பையில் இருக்கட்டும். பெரிய பையை உள்ளே விடமாட்டார்கள். கேமராவுக்கும் உள்ளே தடை. செருப்பை வெளியே விட வேண்டும். வேறு நாடுகளின் சினகாக்குகளில் இந்த வழக்கத்தைக் காண்பது அரிது. கேரள யூதர்கள் வெறுங்காலோடு தொழுதார்கள். நமக்கு இது புதிதில்லை. வெளிநாட்டு யூதப் பயணிகள்தான் வியந்து போவார்கள்.

முதலில் வெளி முற்றத்துச் சுவரைப் பாருங்கள். எபிரேய எழுத்து வெட்டிய ஒரு கல் பதித்திருக்கும். கொச்சங்காடியில் 1344இல் எழுந்த சினகாக்கின் கல் அது. கட்டடம் எப்போதோ போய்விட்டது, கல் மட்டும் இங்கே குடியேறிவிட்டது. கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் இதைக் கவனிக்காமல் கடந்துபோகிறார்கள்.

அடுத்த அறையில் வரிசையாக ஓவியங்கள். 1968இல் நானூறாம் ஆண்டு விழா நடந்தபோது வரைந்தவை. பிரதமர் இந்திரா காந்தி வந்திருந்த விழா அது. அந்த ஆண்டு தபால் தலையும் வெளியிட்டார்கள். ஓவியங்களில் ஒன்று நமக்கு நெருக்கமானது: சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குச் செப்பேடு கொடுக்கும் காட்சி. கி.பி. 1000 வாக்கில் முயிரிக்கோட்டில், அதாவது நம் சங்கப் பாடல்களின் முசிறியில், இருந்துகொண்டு கொடுத்த சாசனம். எழுத்து வட்டெழுத்து, இடையிடையே கிரந்தம். மலையாளம் தனியாகப் பிரிந்து நிற்காத காலத்து மொழி என்பதால் தமிழ்க் கல்வெட்டு படித்துப் பழகியவருக்கு முக்கால்வாசி விளங்கும். பெயரை ஈசுப்பு இறப்பான் என்று எழுதியிருக்கிறார்கள். அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமையோடு பகல் விளக்கு, நடக்கப் பாவாடை, பல்லக்கு, குடை, பறை, தோரணம் என்று எழுபத்திரண்டு உரிமைகள் அதில் அடக்கம். மூலச் செப்பேடு இந்த சினகாக்கின் உடைமை. பார்வையாளர் கண்ணுக்குக் கிடைக்காது. ‘செப்பேடு எங்கே’ என்று உள்ளே தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அதன் நகல் ஒன்றைத்தான் 2017இல் இந்தியப் பிரதமர் இஸ்ரேலுக்குப் பரிசாகக் கொண்டுபோனார்.

தொழுகைக் கூடம் சிறியது. மேற்குச் சுவரில், எருசலேம் இருக்கும் திசையில், தேக்கில் செதுக்கித் தங்க முலாம் பூசிய பேழை. ஹேகால் என்பார்கள். தோலில் கையால் எழுதிய தோரா, அதாவது யூத வேதச் சுருள்கள் அதற்குள் இருக்கும். ஒரு சுருளுக்கான தங்கக் கிரீடம் 1805இல் திருவிதாங்கூர் மகாராஜா கொடுத்தது. கூடத்தின் நடுவில் பித்தளைக் கம்பி சூழ்ந்த மேடை, அதன் பெயர் தேவா. ஜெபத்தை நடத்துகிறவர் அங்கே நிற்பார். சபையார் சுற்றிலும் சுவரோரப் பெஞ்சுகளில். மேலே பெல்ஜியக் கண்ணாடிச் சரவிளக்குகள், அவற்றோடு எண்ணெய் ஊற்றி ஏற்றும் கண்ணாடிக் குடுவைகள்.

இப்போது வாசல் பக்கம் திரும்பி மேலே பார்க்க வேண்டும். மாடத்தில் இரண்டாவது மேடை ஒன்று தெரியும். கேரள சினகாக்குகளின் தனிச்சிறப்பு இது. சப்பாத்துக் காலையிலும் பண்டிகை நாட்களிலும் தோராவை அங்கிருந்துதான் வாசித்தார்கள். அதற்கு நேர் பின்னால் மரத்தட்டி மறைப்புக்கு அப்பால் பெண்கள் பகுதி. ஆக, வேதம் வாசிக்கும் இடம் ஆண்களைவிடப் பெண்களுக்குப் பக்கத்தில் இருந்தது. வழிகாட்டிகள் சரவிளக்கின் விலையைச் சொல்லும் ஆர்வத்தில் இதை விட்டுவிடுகிறார்கள். இங்கே மாடிக்குப் போகப் பார்வையாளருக்கு அனுமதி இல்லை. அந்தக் குறையைச் சேந்தமங்கலம் தீர்க்கும்.

தரை ஓடுகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கோபப்படுவார்கள். டச்சு நிறுவனத்துக்கு வணிகத் துணையாக இருந்த எசேக்கியேல் ரஹாபி 18ஆம் நூற்றாண்டில் சீனாவின் கான்டனிலிருந்து வரவழைத்தவை, வெள்ளையில் நீலம் தீட்டியவை. ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். பெஞ்சில் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தால் சில சித்திரங்களே திரும்பத் திரும்ப வருவது தெரியும். கையால் தீட்டியதால் கிளை வளைவது, நீலம் அடர்வது, கோடு நடுங்குவது மாறிக்கொண்டே போகிறது. சின்னப் பிள்ளைகளை அரை மணி நேரம் அமைதியாக உட்கார வைக்க இதைவிட நல்ல வேலை கிடையாது: ஒரே சித்திரம் உள்ள இரண்டு ஓடுகளைத் தேடி, ஆறு வித்தியாசம் சொல்லச் சொல்லுங்கள். ஓடு செய்வதில் மாட்டு ரத்தம் சேர்ந்ததாகச் சொல்லி ராஜாவிடமிருந்து வாங்கிவிட்டார்கள் என்ற கதையையும் கேட்பீர்கள். நன்றாகச் சொல்லப்படும் கதை; கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

மணிக்கூண்டு 1760இல் ரஹாபி கட்டியது. ஒரு முகத்தில் ரோமன் எண், ஒன்றில் எபிரேயம், ஒன்றில் மலையாளம். மலையாள முகத்தின் எண்களைப் பழைய பஞ்சாங்கம் பார்த்த தமிழ்த் தாத்தா பாட்டிகள் பெரும்பாலும் வாசித்துவிடுவார்கள். ஒரே இடத்தில் நின்று எல்லா முகமும் தெரியாது, தெருவுக்குள் நடந்து சுற்ற வேண்டும்.

ஓவியங்களில் இல்லாத ஒரு சங்கதி உண்டு. இந்தச் சபைக்குள் மேல் கீழ் இருந்தது. முன்பு அடிமைகளாக இருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வழிவந்தோர் பெஞ்சில் உட்காரக் கூடாது, தோரா வாசிக்கக் கூடாது, முன்னறையில் தரையில்தான் இடம். அந்தக் குடும்பங்களில் பிறந்து வழக்கறிஞரான ஏ.பி. சேலம் (1882–1967) காங்கிரஸ்காரர், காந்தியவாதி. தன் பிள்ளைகளோடு சினகாக்குக்குள்ளேயே சத்தியாக்கிரகம் நடத்தினார். தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. வைக்கமும் ஆலய நுழைவும் தெரிந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் ஒரே நொடியில் பிடித்துக்கொள்வார்கள். அவர் பெயரில் அங்கேயே ஒரு சாலை இருக்கிறது. பெயர்ப்பலகையைக் காட்டிச் சொல்லுங்கள், ஏனென்றால் உள்ளே இதை யாரும் சொல்லப்போவதில்லை.

இன்று இங்கே வழக்கமான தொழுகை நடப்பதில்லை. முறையான கூட்டுத் தொழுகைக்குப் பதின்மூன்று வயது கடந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். மின்யான் என்பார்கள். 1950களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்வு தொடங்கியதும் மலபார் யூதர்கள் ஊர் ஊராகக் கிளம்பினார்கள். பரதேசிகளும் பின்னால் மெல்லக் கரைந்தார்கள். பயணிகளாக வரும் யூதர்களைச் சேர்த்தால்தான் இப்போது பத்துக் கணக்கு நிறையும். தொழுகையைப் பார்க்கலாம் என்ற எண்ணத்தோடு வெள்ளி மாலையில் போய் நிற்காதீர்கள். அது காட்சி அல்ல. நடந்தாலும் வெளியாரை அனுமதிக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

தெருவும் கடைகளும்

ஜூ டவுன் தெருவில் இப்போது யூதர் வீடுகளைவிடக் கடைகளே அதிகம். பழம்பொருள் என்று மாட்டியிருப்பதில் பெரும்பகுதி புதிதாகச் செய்து பழசாக்கியது. பித்தளையின் அடிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள்: நூறு வருடம் புழங்கிய பாத்திரத்தின் அடி தேய்ந்து வழவழப்பாக இருக்கும், பாசி நிறம் மட்டும் ஒரே சீராகப் படிந்து விளிம்பு கூர்மையாக இருந்தால் அது மருந்தின் வேலை. மிளகு, ஏலம், கிராம்பு இங்கே சுற்றுலா விலைக்குத்தான் கிடைக்கும். அதே தெருவில் மிளகுக்கென்றே முன்பேர வணிகம் 1957இலிருந்து நடந்த கட்டடம் நிற்கிறது. சரக்கை வாங்க அந்த வட்டாரத்தின் மொத்தக் கடைகளுக்குப் போவதே மேல்.

யூதப் பெண்மணி சாரா கோஹனின் கைத்தையல் கடையில் மட்டும் கொஞ்ச நேரம் நில்லுங்கள். அவர் 2019இல் தொண்ணூற்றாறு வயதில் காலமானார். அவரைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட முஸ்லிம் குடும்பம் கடையை நடத்துகிறது. தலையில் வைக்கும் கிப்பா, சப்பாத்து ரொட்டியை மூடும் பூவேலைத் துணி போன்றவை அங்கே கிடைக்கும். துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்து வாங்குங்கள். கைத்தையல் அங்கேதான் தெரியும்.

பிள்ளைகளுக்கு இன்னொரு வேலை: தெரு நெடுக ஜன்னல் கம்பிகளில் ஆறுமுனை நட்சத்திரம் எத்தனை என்று எண்ணச் சொல்லலாம்.

ஓட்டுநர்கள் கூட்டிப்போகும் கடைகளில் கமிஷன் உண்டு. ‘சும்மா பார்த்துட்டு வாங்க’ என்றால் நேராக சினகாக் வாசலில் இறக்கச் சொல்லிவிடுங்கள். வாட்டர் மெட்ரோ படகு இப்போது மட்டாஞ்சேரிக்கே வருவதால் இந்தத் தொல்லை பாதி குறைந்துவிட்டது. எர்ணாகுளத்தில் ஏறி அரண்மனைக்குப் பக்கத்தில் இறங்கி நடந்துவிடலாம், பாலத்து நெரிசலும் மிச்சம்.

எர்ணாகுளம்: கடவும்பாகம்

மார்க்கெட் ரோட்டில், மீன் தொட்டியும் செடித் தொட்டியும் அடுக்கிய ஒரு கடைக்குப் பின்னால் இருக்கிறது. தொழுகை 1972இல் நின்றுபோனது. சபையைச் சேர்ந்தவரே சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, முன்பகுதியில் அலங்கார மீன் கடை நடத்தி, கட்டடத்தை இடிபடாமல் காத்துப் பின்னர் புதுப்பித்தும் விட்டார். கடையில் கேட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். கடை திறந்திருக்கும் வார நாள் பகல்தான் சரியான நேரம், சனிக்கிழமை வேண்டாம். சந்தை நெரிசலில் காரை நிறுத்த முடியாது, ஆட்டோவே தோது. பலகை, விளக்கக் குறிப்பு எதையும் எதிர்பார்க்க வேண்டாம். பெயர் ஒற்றுமையைக் கவனியுங்கள்: மட்டாஞ்சேரியிலும் ஒரு கடவும்பாகம் உண்டு. கிடங்காகிக் கிடந்து 2019 மழையில் முன்பகுதி சரிந்துவிட்டது. அதன் உட்புற மரவேலைகள் பல ஆண்டுகளுக்கு முன்பே கழற்றப்பட்டு எருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன.

வடக்குப் பறவூர்

மேப்பில் தேடும்போதே கவனம் வேண்டும். பறவூர் என்று ரயில் டிக்கெட் எடுத்தால் கொல்லத்துக்குப் பக்கத்திலுள்ள பறவூரில் இறங்குவீர்கள். இந்தப் பறவூருக்கு ரயில் நிலையம் கிடையாது. ஆலுவாவில் இறங்கி பஸ்ஸிலோ டாக்சியிலோ சுமார் 16 கிலோமீட்டர். ஜூ ஸ்ட்ரீட் என்று மட்டும் போட்டாலும் எர்ணாகுளத்துத் தெருவுக்கு இழுத்துப்போகும். ‘வடக்குப் பறவூர் சினகாக்’ என்று முழுதாகப் போடுங்கள்.

கல்வெட்டுப்படி 1616இல் இதைக் கட்டியவர் தாவீது யாக்கோபு காஸ்தியேல் முதலியார். ஆம், முதலியார்தான். யூதச் சபையின் தலைவருக்குக் கொச்சி ராஜா கொடுத்த பட்டம் அது. கேரள சினகாக்குகளில் வளாகம் முழுமையாக மிஞ்சியது இது ஒன்றில்தான் என்று சொல்லலாம். அதனால்தான் முதலிடம் கொடுக்கிறோம். தெருவிலிருந்து மாடி வைத்த படிப்புரை, அதாவது வாசல் கட்டடம். அதைத் தாண்டினால் தூண்கள் தாங்கும் கூரைவழி. பிறகு மதில் சூழ்ந்த முற்றம். பிறகு அசாரா என்ற முன்னறை. அதற்குப் பின்தான் தொழுகைக் கூடம். கோபுரம், மண்டபம், பிராகாரம், கருவறை என்று நடந்து பழகிய கால்களுக்கு இந்த அடுக்கு உடனே பிடிபடும். கட்டியவர்கள் கேரளத் தச்சர்கள், பொருள் செம்புறைக்கல்லும் சுண்ணாம்பும் தேக்கும் நாட்டு ஓடும். வழிபாடு மட்டும் எருசலேமை நோக்கி.

குறை ஒன்று உண்டு, முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. பேழையும் நடு மேடையும் நகல்கள். மூலங்கள் 1990களில் இஸ்ரேலுக்குப் போய்விட்டன. இரண்டையும் புதுச் சாயத்தில் பார்க்கும்போது கொஞ்சம் நாடக மேடைத் தோற்றம் தட்டுகிறது. மட்டாஞ்சேரியின் அசலைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு ஏமாற்றம் இருக்கும்; இங்கே முதலில் வந்தவர்களுக்கு அது உறைக்காது. ஆகவே சனி பறவூர், ஞாயிறு மட்டாஞ்சேரி என்ற வரிசை இதற்கும் பொருந்துகிறது.

காட்சிப் பலகைகளில் எழுத்து அதிகம். முதலில் கட்டடத்தை வாசல் முதல் பேழை வரை நடந்து, படிக்கட்டுகள் எங்கே பிரிகின்றன என்று பார்த்துவிடுங்கள். பிள்ளைகள் களைத்த பிறகு பெரியவர்கள் பலகை படிக்கலாம். ஒரு மணி நேரம் போதும். மதிய வெயிலில் முற்றத்துக் கல் வெறுங்காலைச் சுடும். காலை பத்தரைக்குள் போனால் நல்லது.

சேந்தமங்கலம்

பறவூரிலிருந்து நான்கைந்து கிலோமீட்டர். கோட்டையில் கோவிலகம் என்ற இடத்தில் கோயில், மசூதி, தேவாலயம், சினகாக் நான்கும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. மாநிலத் தொல்லியல் துறை சீரமைத்து 2006இல் அருங்காட்சியகமாகத் திறந்த இந்தக் கட்டடம் பறவூரைவிடச் சிறியது. ஆனால் இங்கே மாடிக்குப் போகலாம். மரப்படி செங்குத்தானது. மூட்டு வலிக்காரர்கள் கீழேயே உட்கார்ந்து தாமரை செதுக்கிய மர விதானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். மேலே போனவர்கள் தட்டிக்குப் பின்னால், பெண்கள் நின்ற இடத்தில் நின்று கீழே பாருங்கள். நடு மேடையும் பேழையும் ஒரே கோட்டில் தெரியும், தோரா வாசித்தவரின் முதுகு கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கும். மட்டாஞ்சேரியில் அண்ணாந்து பார்த்தது இங்கே விளங்கிவிடும்.

அந்தப் பெண்கள் சும்மா கேட்டுக்கொண்டிருக்கவில்லை. மலையாளத்தில் அவர்களுக்கென்றே பாடல்கள் இருந்தன: கல்யாணப் பாட்டு, வேதக் கதைப் பாட்டு, சினகாக் கட்டியதைச் சொல்லும் பாட்டு. கையால் எழுதிய நோட்டுப் புத்தகங்களில் தாயிடமிருந்து மகளுக்குப் போனவை. ஆண்கள் இருக்கும் சபையில் பெண்கள் பாடுவது பல யூதச் சமூகங்களில் ஆகாது. இங்கே தடை இருக்கவில்லை. மணப்பெண்ணுக்குத் தாலியும் உண்டு. சிம்ஹத் தோராவன்று பேழையைப் பட்டாலும் பூவாலும் அலங்கரித்து, சுருள்களைத் தூக்கிக்கொண்டு சினகாக்கைச் சுற்றி வருவார்கள். இந்தச் சமூகத்தின் பெரும்பகுதி இப்போது இஸ்ரேலின் நெவாத்தீம், மெசிலத் சீயோன் போன்ற வேளாண் குடியிருப்புகளில் இருக்கிறது.

வாசலுக்கு முன்னால் நிற்கும் கல்லைத் தவறவிடாதீர்கள். இஸ்ரேலின் மகள் சாராவின் கல்லறைக் கல், ஆண்டு 1269. இந்தியாவில் கிடைத்த மிகப் பழைய எபிரேயக் கல்வெட்டுகளில் ஒன்று. மட்டாஞ்சேரி சினகாக் எழுவதற்கு முந்நூறு ஆண்டு முந்தையது. கண்ணாடிப் பெட்டி இல்லை, காவல் இல்லை, வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. இவ்வளவு முக்கியமான கல்லை இப்படி விட்டிருப்பது சரியாகப் படவில்லை. பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள், காலையில் சாய்வு வெயில் விழும்போது எழுத்து நன்றாகத் தெரியும்.

நேரம் இருந்தால் பக்கத்திலேயே பாலியம் அரண்மனை: கொச்சி ராஜாக்களின் பரம்பரை அமைச்சர்களான பாலியத்து அச்சன்களின் வீடு. முக்கால் மணி நேரம்.

சாப்பாடு, போக்குவரத்து

யூதச் சாப்பாடு தேடி ஏமாற வேண்டாம். சுட்டுள்ளி மீன், பாஸ்டல் போன்ற கொச்சி யூதப் பண்டங்கள் வீட்டுச் சமையலாக இருந்தவை. ஜூ டவுனில் சில கஃபேக்கள் அந்தப் பெயரில் ஏதோ வைத்திருக்கும். யூத உணவு விதியான கோஷர் கணக்கில் அது வராது. கோஷர் கடைப்பிடிக்கும் நண்பர்கள் உடன் வந்தால் பழம், முழுத் தேங்காய், முத்திரையிட்ட பாக்கெட் இவற்றையே நம்ப வேண்டியிருக்கும். மற்றவர்களுக்கு மட்டாஞ்சேரியில் கவலை இல்லை: காயீஸ் பிரியாணி மதியம் சீக்கிரம் தீர்ந்துவிடும், பன்னிரண்டரைக்கே போய்விடுங்கள். சைவத்துக்குக் குஜராத்தி ரோடு. பறவூர், சேந்தமங்கலத்தில் சாதாரண ஊர்ச் சாப்பாடுதான், நன்றாகவே இருக்கும்.

சென்னையிலிருந்து இரவு ரயிலில் வருகிறவர்கள் எர்ணாகுளம் வரை டிக்கெட் எடுத்தாலும் சனிக்கிழமை காலை ஆலுவாவிலேயே இறங்கிவிட்டால் பறவூருக்குத் திரும்பி வர வேண்டியதில்லை. தூத்துக்குடி, நெல்லை, தென்காசிக்காரர்களுக்குப் பாலருவி எக்ஸ்பிரஸ் இருக்கிறது. கோவையிலிருந்து காரில் நாலு மணி நேரம். பாலக்காடு, திருச்சூர் கடந்து அங்கமாலிப் பக்கம் திரும்பி, முதலில் சேந்தமங்கலத்துக்கு வந்துவிடலாம். திருச்சூர்ப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு மாளாவும் வழியில்தான். 1955இல் ஊரைவிட்டுப் போகும்போது சபையார் சினகாக்கையும் கல்லறைத் தோட்டத்தையும் பஞ்சாயத்தின் பொறுப்பில் விட்டுப் போன ஊர் அது. உள்ளே பார்க்க அதிகம் இல்லை, இறங்கி ஒரு பார்வை போதும்.

சேந்தமங்கலத்தில் வாங்க ஒன்று உண்டு. அந்த ஊர்க் கைத்தறிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. 2018 வெள்ளத்தில் தறிகள் மூழ்கி, சேற்றுக் கறை படிந்த சேலைகளைக் கொண்டு செய்த சேக்குட்டி பொம்மைகள் அங்கிருந்துதான் கிளம்பின. கூட்டுறவுச் சங்கக் கடையில் முதலில் கையால் நெய்ததா என்று கேட்டு, கரை இரு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஐந்து மணிக்குமேல் போனால் கடை இருக்காது.